அப்பா போன பிறகு படிக்க முடியவில்லை, கேட்க முடிகிறது: ஏன்?

உங்கள் கேள்வியை மூன்று முறை படித்தேன். தலைப்பில் நீங்கள் கேட்டிருப்பது, ஒலிப்புத்தகம் கேட்டதைப் படித்ததாகச் சொல்லிக்கொள்ளலாமா என்பது. கீழே எழுதியிருக்கும் ஏழெட்டு வரிகள் வேறொன்றைக் கேட்கின்றன. சென்ற ஆடியில் அப்பா காலமாகிவிட்டார். அதன் பிறகு அச்சுப் புத்தகத்தில் இரண்டு பக்கம்கூடத் தாண்ட முடியவில்லை. பெங்களூரில் ஒயிட்ஃபீல்டிலிருந்து மெஜஸ்டிக் வரை மெட்ரோவில் போய்வரும்போது காதலும் பிரிவும் உள்ள நாவல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கிறீர்கள். போன வாரம் ஒரு நாவலின் முடிவில், பெட்டி நிறைய ஆட்கள் நிற்கும்போதே அழுதுவிட்டீர்கள். அப்பாவைத் தூக்கிச் சென்ற அன்று வராத கண்ணீர் யாரோ ஒரு கதாநாயகிக்காக வருகிறதே, இது என்ன மனம் என்று கேட்கிறீர்கள். அதைத்தான் உங்கள் கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன். கைப்பேசியில் இருக்கும் அப்பாவின் குரலைப் பற்றிக் கடைசியில் ஒரே வரி எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் வருகிறேன்.

நான் எந்த இடத்திலிருந்து பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அல்சூரில் 40 ஆண்டுகளாக இருக்கிறேன். இளம் வயதில் வானொலி நாடகங்களில் நடித்தேன். குரலை எங்கே விடுவது, எங்கே பிடித்துக்கொள்வது என்பதை அங்கே ஒரு தயாரிப்பாளர் கண்டிப்போடு கற்றுக்கொடுத்தார். பிறகு 22 ஆண்டுகள், பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்காகத் தமிழ்ப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்தேன். முதலில் கேசட், அப்புறம் குறுந்தகடு, கடைசியில் கணினிக் கோப்பு. பாதி பாடநூல்கள், பாதி கதைகளும் நாவல்களும். ஆகவே, குரலைப் பற்றி நான் சொல்வதைத் தொழில் தெரிந்தவள் சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம். துக்கத்தைப் பற்றிச் சொல்வது, கணவரை இழந்த ஒருத்தி சொல்வது மட்டுமே. அதில் எனக்குப் பயிற்சி கிடையாது.

தலைப்புக் கேள்விக்கு விடை சுருக்கமானது. கதையின் பொருள் மனத்தில் சேர்வதைப் பொறுத்தவரை, கண் வழியாகப் போனாலும் காது வழியாகப் போனாலும் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன. 2016-இல் அமெரிக்காவில், ஒரே நூலின் பகுதிகளைச் சிலருக்குப் படிக்கவும் சிலருக்குக் கேட்கவும் சிலருக்கு இரண்டையும் ஒன்றாகச் செய்யவும் கொடுத்துப் பார்த்தார்கள். உடனே கேட்டபோதும், இரண்டு வாரம் கழித்துக் கேட்டபோதும் மூன்று கூட்டத்தாரும் ஏறத்தாழ ஒரே அளவுதான் நினைவில் வைத்திருந்தார்கள். 2019-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், ஒரே கதைகளைக் கேட்கும்போதும் படிக்கும்போதும் மூளையில் சொற்பொருள் பதியும் இடங்களைப் படம் பிடித்தார்கள். இரண்டு படங்களும் மிக நெருக்கமாக ஒத்துப்போயின. ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் 9 பேர்தான். இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வாய்விட்டுப் படித்தவர்களின் கவனம் மிகக் குறைவாகவும், மௌனமாகப் படித்தவர்களின் கவனம் அதைவிடச் சற்று அதிகமாகவும், வெறுமனே கேட்டவர்களின் கவனம் எல்லாரையும்விட அதிகமாகவும் அலைந்திருக்கிறது. இவை எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தவை. சொல்லுக்குச் சொல் புணர்ந்து நீளும் நம் மொழிக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள நான் தயங்குவேன். இருந்தாலும், கேட்டது கணக்கில் சேராது என்று யாராவது சொன்னால் நீங்கள் தலைகுனிய வேண்டியதில்லை.

தமிழில் அப்படிச் சொல்வது இன்னும் பொருந்தாத பேச்சு. நூல் எழுதியவர் அதைச் சபையில் வாசித்து அரங்கேற்ற வேண்டும் என்று வைத்திருந்த மொழி இது. தொல்காப்பியத்தின் செய்யுளியல், செய்யுளின் உறுப்புகளை வரிசையாகச் சொல்லும்போது 'கூற்று' என்பதற்குப் பக்கத்திலேயே 'கேட்போர்' என்று ஓர் உறுப்பை வைக்கிறது. அகப்பாட்டு ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் இன்னொருவரிடம் பேசுவது: தலைவி தோழியிடம், தோழி தலைவனிடம், சில நேரம் ஆளே இல்லாமல் தன் நெஞ்சிடம். கேட்பவர் இல்லையென்றால் அந்தப் பாட்டுக்கு ஓர் உறுப்பு குறைகிறது. நீங்கள் மெட்ரோவில் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

சரி, அச்சில் திறக்காத கதவு காதில் ஏன் திறந்தது? பக்கத்தைப் படிக்கும்போது வேகம் நம் கையில் இருக்கிறது. வலிக்கும் வரி வரப்போகிறது என்று கண்ணுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். பத்தியின் அடியில் 'மருத்துவமனை' என்ற சொல்லைக் கண் தொட்டவுடன், அதற்கு மேலே இருக்கும் நாலு வரியை மனம் ஓடிக் கடந்துவிடும். அல்லது புத்தகத்தை மூடிவிடும். இரண்டு பக்கத்தில் நீங்கள் நின்றுபோவது சோம்பலால் அல்ல, காவலால் என்று நினைக்கிறேன். காதுக்கு அந்த வசதி இல்லை. அடுத்த சொல் என்னவென்று அது வந்து விழும் வரை தெரியாது. வாசிப்பவர் எந்த வேகத்தில் மூச்சு விடுகிறாரோ அந்த வேகத்தில்தான் கதை நடக்கும். நல்ல இலக்கிய உரைநடையை நான் வாசித்தால் நிமிடத்துக்கு நூறு சொல்லைச் சுற்றித்தான் வரும். கண்ணால் படிக்கும்போது அதைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் போயிருப்பீர்கள். பாதி வேகத்தில் ஒரு பிரிவைக் கடப்பது என்றால், அதன் நடுவே இரண்டு மடங்கு நேரம் நிற்பது. அதோடு, ஒரு மனிதக் குரல் உங்கள் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் பேசுகிறது. மைக்கிலிருந்து நாங்கள் உட்காரும் தூரமும் அதுதான். அவ்வளவு நெருக்கத்தில் வாழ்க்கையில் நம்மோடு பேசுகிறவர்கள் மிகச் சிலர். குழந்தையாக இருந்தபோது தூங்கவைத்தவர்கள், நோயில் பக்கத்தில் இருந்தவர்கள், துணையாக வாழ்ந்தவர்கள். உங்கள் உடல் அந்தத் தூரத்தை அடையாளம் கண்டுகொள்கிறது.

குரல் நெருக்கமாக இருப்பதால் தவறு செய்யவும் இடம் அதிகம். இதை நான் ஒரு மாணவியிடம் கற்றேன். தமிழ் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த பெண். அவருக்காக ஒரு நாவலைப் பதிவு செய்தேன். கணவன் இறந்த செய்தியைச் சுமந்துகொண்டு ஒருவர் வீட்டு வாசலில் வந்து நிற்கும் அத்தியாயம். மேடைப் பழக்கம் எனக்குள் எழுந்துவிட்டது. குரலை நடுங்கவிட்டேன். கடைசிப் பத்தியில் உண்மையாகவே அழுதேன். அந்தப் பதிவு மிக நன்றாக வந்திருப்பதாக நம்பி அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து அவர் கூப்பிட்டு மிகத் தயக்கத்தோடு சொன்னார்: "அம்மா, அந்த இடத்தில் நீங்கள் அழுதுவிட்டீர்கள். அதனால் எனக்கு அழுகை வரவில்லை. உங்களுக்கு என்ன ஆயிற்றோ என்றுதான் கவலையாக இருந்தது." தொலைபேசியை வைத்துவிட்டு வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் அந்த 40 நிமிடத்தையும் மீண்டும் பதிவு செய்தேன். வேகத்தைக் குறைக்கவில்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை. செய்தி சொல்லும் வாக்கியத்தை, "பால்காரர் இன்னும் வரவில்லை" என்று சொல்லும் அதே தட்டையான குரலில் வாசித்தேன். அந்த வாக்கியத்துக்குப் பிறகு மட்டும் வழக்கத்தைவிட ஒரு மூச்சு நேரம் கூடுதலாக நிறுத்தினேன். அந்த ஒரு மூச்சில்தான் கேட்பவர் தன் வீட்டு வாசலை நினைத்துக்கொள்ள முடியும். அதன் பிறகு நான் பதிவு செய்த எந்த நூலிலும் அழவில்லை. அழுகை வந்தால் பதிவை நிறுத்திவிட்டு, தண்ணீர் குடித்து, வந்த பிறகு தொடர்ந்திருக்கிறேன்.

நிறுத்தம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று காட்ட ஒரு குறள் போதும். ஏரிக்கரைக்கு நான் தினமும் நடக்கப் போகிறேன். அங்கே 18 ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையைத் தாண்டும்போதெல்லாம் இந்தக் குறளை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். காமத்துப்பாலில் பிரிவாற்றாமை அதிகாரத்தின் முதல் குறள்: "செல்லாமை உண்டேல் எனக்குரை மற்றுநின் வல்வரவு வாழ்வார்க் குரை." போகப் போவதில்லை என்றால் அதை என்னிடம் சொல், சீக்கிரம் திரும்பி வருவேன் என்பதென்றால் அதை அப்போது உயிரோடு இருப்பவர்களிடம் சொல். அச்சில் இது ஏழு சீர். வாய்விட்டுச் சொல்லும்போது 'எனக்குரை' என்ற இடத்தில் ஒரு நொடி நிற்க வேண்டும். அந்த நொடியில் அவள் அவன் முகத்தைப் பார்க்கிறாள். அவன் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தைப் பார்த்த பிறகுதான் 'மற்று' என்ற சொல் வருகிறது. நிற்காமல் வாசித்தால் இது சாமர்த்தியமான பேச்சாகப் போய்விடும். நின்று வாசித்தால், ஒரு பெண் தன் வாழ்வு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைக் கண்ணெதிரே அளந்து சொல்வதாகிவிடும். எம்.ஏ. வகுப்பில் நான்கு உரைகளை வைத்துப் படித்தபோது பிடிபடாதது, மைக் முன் உட்கார்ந்து மூன்றாவது முறை வாசித்தபோது எனக்குப் பிடிபட்டது.

நம் நாவல்களைக் காதால் கேட்பதில் இன்னொரு தனிச் சுவை இருக்கிறது. கதை நகரும் மொழி எழுத்துத் தமிழ், மனிதர்கள் பேசும் மொழி அவரவர் ஊர்த் தமிழ். அச்சில் இரண்டும் ஒரே எழுத்துருவில் ஒரே கறுப்பில் இருப்பதால் கண் அந்த வாசலைக் கவனிக்காமல் கடந்துவிடும். நல்ல வாசிப்பில் ஒவ்வொரு முறையும் நிலைப்படி தெரியும். வெளியே நிற்கும் ஆசிரியரின் நிதானமான குரல், உள்ளே நெல்லையிலோ கோவையிலோ தஞ்சையிலோ பேசும் குரல். காதல் பெரும்பாலும் பேச்சு மொழியில் நடக்கும். இழப்பு வந்ததும் பாத்திரங்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள், எழுத்துத் தமிழ் மட்டும் தனியாக நடக்கும். வட்டாரத் தமிழ் அறிந்தவர் வாசித்தால், அந்த ஊர்ப் பேச்சு வராமல் போன கணத்தை உங்கள் காது கவனிக்கும். உங்களுக்கு மெட்ரோவில் அழுகை வந்த இடம் எது என்று நினைத்துப் பாருங்கள். நீண்ட நேரமாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு பாத்திரத்தின் குரல் இனி வராது என்று புரிந்த இடமாக அது இருக்கலாம். இது என் ஊகம்தான். ஆனால் எனக்குக் கடிதம் எழுதிய மாணவர்களில் பலர் அப்படிப்பட்ட இடங்களைத்தான் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

இப்போது உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். அப்பாவுக்காக அழாதவர் கதாநாயகிக்காக அழலாமா? தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகை பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது: இளிவு என்ற இகழ்ச்சி, இழவு என்ற இழப்பு, அசைவு என்ற நிலைகெடல், வறுமை. இழவு என்பதற்கு உரை எழுதும் பேராசிரியர் என்ற பெயருள்ள பழைய உரையாசிரியர், தந்தை தாய் முதலான சுற்றத்தாரை இழப்பதையும், இன்பம் தரும் நுகர்ச்சிகளை இழப்பதையும் ஒரே சொல்லுக்குள் வைக்கிறார். தந்தையை இழந்தவரும் காதலை இழந்தவரும் அந்த உரைகாரருக்கு ஒரே வீட்டார். இதை முதல்முறை கவனித்தபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஏனென்றால் என் கணவர் இறந்த ஆண்டில் நானும் அவருக்காக அழவில்லை. சான்றிதழ், வங்கி, உறவினருக்குச் சாப்பாடு என்று ஓடிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது மாதம், ஒரு சிறுகதையைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது, அதில் வரும் கிழவர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து மூடும் ஒரு சாதாரண வாக்கியத்தில் என் குரல் நின்றுவிட்டது. என் கணவருக்கு வெற்றிலைப் பழக்கமே கிடையாது. எந்தப் பெட்டியைத் திறந்தாலும் உள்ளே இருந்தது ஒன்றுதான் போலிருக்கிறது.

தந்தையை இழந்தவர் கேட்க வேண்டிய பாட்டு ஒன்று இருக்கிறது. பள்ளியில் படித்திருப்பீர்கள். புறநானூற்றின் 112-ஆம் பாட்டு, பாரி மகளிர் பாடியது. ஐந்தே அடி. "அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின் எந்தையும் உடையேம் எம்குன்றும் பிறர்கொளார் இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின் வென்றெறி முரசின் வேந்தர்எம் குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே." சென்ற மாதம் அந்த நிலவில் எங்கள் தந்தையும் இருந்தார், எங்கள் குன்றையும் யாரும் கொள்ளவில்லை. இந்த மாதம் இந்த நிலவில், வென்று முரசு அறையும் வேந்தர்கள் எங்கள் குன்றையும் கொண்டார்கள், தந்தையும் எங்களுக்கு இல்லை. இதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இரண்டு விஷயங்கள் தெரியும். அற்றை, இற்றை, அவ்வெண்ணிலவு, இவ்வெண்ணிலவு. ஓர் உயிரெழுத்து மாறுகிறது, உலகம் முழுவதும் மாறிவிடுகிறது. அதைவிட முக்கியமானது வரிசை. முதல் பாதியில் தந்தை முன்னால் வருகிறார், குன்று பின்னால். இரண்டாம் பாதியிலும் தந்தையைத்தான் முதலில் சொல்வார்கள் என்று காது காத்திருக்கிறது. அவர்கள் முரசைச் சொல்கிறார்கள், வேந்தரைச் சொல்கிறார்கள், குன்று போனதைச் சொல்கிறார்கள். தந்தையைச் சொல்லாமல் முடிந்த வரை தள்ளிப்போடுகிறார்கள். கடைசிச் சீரில் வேறு வழியில்லாமல் 'இலமே' என்று வந்து நிற்கிறது. நீங்கள் அப்பாவுக்காக அழாமல் தள்ளிப்போட்டதும் இதுவேதான். இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம். அந்த ஏகாரத்தை இழுத்து ஒப்பாரியாக்குகிற பதிவுகள் உண்டு, தவிர்த்துவிடுங்கள். சின்னதாக முடித்து நிறுத்துகிறவரைக் கேளுங்கள். இன்னும் நல்லது, நீங்களே ஒருமுறை உங்கள் அறையில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

இப்படிக் கேட்பது துக்கத்தை ஆற்றுமா? இங்கே உறுதியாகப் பேச எனக்குத் தகுதியில்லை. சிலருக்கு ஆற்றுவதைப் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கு மட்டும், ஒரே அத்தியாயத்தை இரவெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்டு வேலைக்கும் போகாமல் இருந்த நிலை வந்தது. ஆகவே ஓர் அளவுகோல் சொல்கிறேன், இது மருத்துவரின் அளவுகோல் அல்ல. கேட்டு அழுத பிறகு பசிக்கிறதா, தூக்கம் வருகிறதா, யாரிடமாவது பேசத் தோன்றுகிறதா? ஆம் என்றால் தொடருங்கள். மாதக்கணக்கில் சாப்பாடும் தூக்கமும் கெட்டு, வாழ்வதே எதற்கு என்று தோன்றினால் நாவலை வைத்துவிட்டு மனிதரிடம் போக வேண்டும். நீங்கள் இருக்கும் ஊரிலேயே நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நாவலைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு வாசிப்பவரையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். முதல் அத்தியாயத்தைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள், அதை எல்லாரும் நன்றாக வாசிப்பார்கள். நடுவில் எங்காவது ஒரு வர்ணனைப் பத்தியை, ஒன்றும் நடக்காத பத்தியைக் கேளுங்கள். அங்கே வாசிப்பவர் அவசரப்படாமல் இருந்தால், கடைசி அத்தியாயத்திலும் அவரை நம்பலாம். ழகரமும் ளகரமும் லகரமும் பிரிந்து கேட்கின்றனவா என்று பாருங்கள், இலக்கணப் பிடிவாதத்தால் சொல்லவில்லை: ஒரு சொல்லை இரண்டாம் முறை யோசித்துப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தால் கதையிலிருந்து வெளியே வந்துவிடுவீர்கள். பின்னணி இசை ஓடிக்கொண்டே இருக்கும் பதிவுகளை நான் கேட்பதில்லை. வீணை எங்கே அழச் சொல்கிறதோ அங்கே அழ வேண்டியிருக்கிறது. காலத்தால் உரிமை முடிந்த, அல்லது தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்களை யாரும் பதிவு செய்யலாம் என்பதால், ஒரே நாவலுக்கு நாலைந்து குரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இதில் தரம் மிகவும் ஏறி இறங்கும். ஆனால் ஒரே பத்தியை நாலு பேர் வாசித்துக் கேட்பதைப் போல் ரசனையை வளர்க்கும் பயிற்சி எனக்குத் தெரிந்து வேறில்லை.

தொடர்கதையாக எழுதப்பட்ட நாவல்கள் காதுக்கு எளிதில் பொருந்தும். 1944-இல் கல்கி பத்திரிகையில் தொடங்கிய சிவகாமியின் சபதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒன்றாக வந்த சின்ன அத்தியாயங்கள், ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் கேட்பவரைத் திரும்ப உள்ளே அழைத்துக்கொள்ளும் ஒரு வரி. பத்திரிகை வந்த அன்று ஒருவர் உரக்கப் படிக்க வீடே கேட்ட காலத்தின் எழுத்து அது. நான்கு பாகங்களில் கடைசிப் பாகத்தின் பெயர் 'சிதைந்த கனவு'. பெயரே முடிவைச் சொல்லிவிட்ட பிறகும் கேட்கத் தோன்றுகிறதல்லவா, அதை யோசித்துக்கொண்டே கேளுங்கள். நனவோடையாக, அதாவது மனத்தில் எண்ணங்கள் ஓடும் விதத்திலேயே, நிறுத்தற்குறிகளைக் குறைத்து எழுதப்பட்ட நாவல்களை மட்டும் முதலில் அச்சில் பார்த்துவிட்டுப் பிறகு கேட்பது நல்லது.

வேகத்தைக் கூட்டாதீர்கள். எனக்குத் தெரிந்த பார்வையற்ற நண்பர்கள் பாடநூலை இயந்திரக் குரலில் இரண்டரை மடங்கு வேகத்தில் கேட்பார்கள், நமக்கு ஒரு சொல்கூடப் புரியாது. அதே நண்பர்கள் நாவலை இயல்பான வேகத்தில், மனிதக் குரலில்தான் கேட்பார்கள். இயந்திரக் குரல் இப்போது மிகவும் தேறிவிட்டது, தகவலுக்கு அது போதும். ஆனால் 'எனக்குரை' என்ற இடத்தில் அது நிற்பதில்லை. நிற்கச் சொல்லிக் கொடுத்தாலும், ஏன் நிற்கிறோம் என்பது அந்த இடைவெளியில் இருக்காது. இதை நான் பழமையின் பிடிப்பால் சொல்வதாகச் சிலர் நினைக்கலாம். இருக்கட்டும்.

மெட்ரோவைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. எம்.ஜி. ரோடு தாண்டிக் கப்பன் பார்க்குக்காக ரயில் சுரங்கத்துக்குள் இறங்கியதும் இரைச்சல் கூடிவிடும். மெல்லிய ஒலிகள் அதில் அமுங்கிப் போகும், வாக்கியத்தின் முடிவுகள் கேட்காது. நாம் ஒலியைக் கூட்டுவோம், வாசிப்பவர் அடக்கி வைத்த குரல் கத்துவதுபோல் ஆகிவிடும். கடைசி இரண்டு அத்தியாயங்களை வீட்டில், கைக்கு ஒரு சின்ன வேலை கொடுத்துக்கொண்டு கேளுங்கள். பீன்ஸ் நறுக்கலாம், துணி மடிக்கலாம். கை ஓடினால் கவனம் அலைவது குறைகிறது என்பது என் அனுபவம். கேட்டு முடித்த ஒரு வாரம் கழித்து, உங்களை அழவைத்த அந்த ஒரு பக்கத்தை மட்டும் அச்சில் எடுத்துப் பாருங்கள். வாசித்தவரின் குரல் உள்ளே ஓடும், கண் அதன் பின்னால் நடக்கும். இரண்டு பக்கம் தாண்டாத காவல் பெரும்பாலும் அங்கேதான் முதலில் தளர்கிறது.

இனி, அப்பாவின் குரல் பதிவு. பதினொரு வினாடி என்று எழுதியிருக்கிறீர்கள், வரும்போது தேங்காய் வாங்கி வரச் சொல்கிறார், அதைக் கேட்கத் துணிவில்லை என்கிறீர்கள். கேட்க வேண்டாம். எந்த அவசரமும் இல்லை. ஆனால் அந்தக் கோப்பை இன்றே கைப்பேசியிலிருந்து வெளியே எடுங்கள். என் கணவர் மகளுக்குக் கதை சொன்ன கேசட் ஒன்றை பீரோவில் துணிக்கடியில் பத்திரமாக வைத்திருந்தேன். இந்த ஊரின் ஈரத்தில் நாடாவில் பூஞ்சை பிடித்துவிட்டது. துணிவு வந்து எடுத்தபோது அதில் இரைச்சல் மட்டுமே இருந்தது. ஊரெல்லாம் ஒலிப்பதிவு செய்தவள், அந்த ஒரு கேசட்டை மட்டும் நகல் எடுக்காமல் விட்டேன். கைப்பேசி மாறும்போதும், உரையாடலை அழிக்கும்போதும் குரல் செய்திகள் சத்தமில்லாமல் போய்விடும். வந்த வடிவத்திலேயே கோப்பை வெளியே அனுப்புங்கள், வேறு வடிவத்துக்கு மாற்றினால் ஒலித்தரம் குறையலாம். ஒரு நகல் கணினியில், ஒரு நகல் உங்கள் அக்காவிடமோ அம்மாவிடமோ. கோப்பின் பெயரில் அப்பாவின் பெயரையும் தேதியையும் எழுதிவிடுங்கள். இதற்கெல்லாம் அதை ஒருமுறைகூட ஒலிக்கவிட வேண்டியதில்லை. எடுத்து முடித்ததும் இங்கேயே ஒரு வரி எழுதுங்கள்.